குறிப்பில் ஒரு திருத்தம்

காபி ஊற்றிவர எழுந்து போனேன்.
திரும்பி வந்தபோது செயலாளர் ஆகியிருந்தேன்.
எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் தேர்தல்
இப்படித்தான் நடக்கும்.
தலைவர் குன்வோர் நீல நோட்டைத் தள்ளிவிட்டாள்:
"கையெழுத்து சுமாராக இருந்தாலும் போதும், தோர்கெல்.
யாரும் படிக்கப் போவதில்லை."

நான் பனி ஒதுக்கும் வண்டி ஓட்டுகிறவன்.
மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒற்றைச் சாலை;
ஐஸ்லாந்தின் இந்த மூலைக்கு அதுதான் மொத்த ஊரும்.
செயலாளர் வேலையும் அதே ரகம் என்று நினைத்தேன்:
இந்த முனையில் இருப்பது அந்த முனைக்குப் போக வேண்டும்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னே அழைப்பு.
பிள்ளைகளின் பைக்குள் ஒரு தாள்,
கூட்டுறவுக் கடைக் கதவில் ஒன்று,
மீன் ஆலையில் உடை மாற்றும் அறையில் ஒன்று.
அங்கே ஈரத்தில் மை கரையும், உறை போடு.
பேன் வந்தால் பேன் என்று எழுது,
யார் தலை என்று எழுதாதே.
கேக் விற்றதில் பதினோராயிரம் க்ரோனா என்கிறாள் ஒருத்தி,
ஒன்பதாயிரம் என்கிறார் பொருளாளர் ஸ்டெய்னார்:
கோபத்தை விட்டுவிடு,
இரண்டு எண்களையும் எழுது.

நவம்பர் கூட்டம். பதினான்கு பேர்.
பொருள் நான்கு: பள்ளி விட்டபின் பிள்ளைகள் தங்கும் அறையை
இனி மூன்று மணிக்கே பூட்டுவது.
ஆளில்லை, பணமுமில்லை.
"ஆட்சேபம்?" என்றாள் குன்வோர்.
காபி இயந்திரம் மட்டும் முனகியது.
கடைசி வரிசையில் யாத்விகா,
ஆலையின் ரப்பர் காலணியோடு வந்தவள்,
என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
மௌனம் சம்மதம்.
ஏகமனதாக நிறைவேறியது, என்று எழுதினேன்.
நல்ல சொல். பேனா எங்கும் தடுக்கவில்லை.

டிசம்பர். மூன்றே காலுக்கு நல்ல இருட்டு.
பேருந்து நிறுத்தத்தில், பையைத் தலைக்குமேல் பிடித்தபடி
ஒலெக். எட்டு வயது.
ஆலைச் சங்கு நான்குக்குத்தான் ஊதும்.
வண்டியில் ஏற்றிப் பாதி சாக்லேட் கொடுத்தேன்.
பைக்குள்ளிருந்து என் தாளை எடுத்தான்.
ஒரு சொல்லுக்குக் கீழே பென்சில் கோடு.
"அம்மா இதைக் கேட்டாங்க. எனக்கும் தெரியல.
ஏகமனதான்னா என்ன?"
எல்லாருக்கும் ஒரே மனசு, என்றேன்.
"அம்மாவுக்குமா?"

சாலையை ஒதுக்கும்போது ஒன்று நடக்கும்.
நடுவில் வழி பிறக்கும்,
ஓரத்து வீடுகளின் வாசல் மூடிக்கொள்ளும்.
பதினேழு வருடமாக எனக்குத் தெரியும் அது.

ஜனவரி. பொருள் ஒன்று: சென்ற கூட்டக் குறிப்பை ஏற்பது.
வழக்கமாக அரை நிமிடம்.
"ஒரு திருத்தம்," என்றேன்.
ஸ்டெய்னார் கடிகாரத்தைப் பார்த்தார்.
'ஏகமனதாக' என்பதை அடித்துவிட்டு இப்படிப் படிக்கவும்:
பதின்மூன்று பேர் பேசவில்லை,
ஒருவரிடம் கேட்கவே இல்லை.

அதையே போலந்து மொழியிலும் வாசித்தேன்,
ஆலையில் பெட்டி அடுக்கும் ஸ்வாவெக் பழக்கிவிட்டபடி.
எங்கோ உச்சரிப்பு சறுக்கியிருக்க வேண்டும்.
யாத்விகா சிரித்துவிட்டாள்,
பிறகு எழுந்து நின்றாள்.
அவள் பேசியது ஆறு நிமிடம்.
ஸ்வாவெக் மொழிபெயர்த்தது நான்கு வரி.
இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

அறை இன்னும் மூன்றுக்கே பூட்டுகிறது.
மார்ச்சில் மறுபடி பொருள் நான்கு;
அழைப்பு இரு மொழியில், உறைக்குள்.
அதுவரை
மூன்றே காலிலிருந்து ஆலைச் சங்கு வரை
என் வண்டியின் இரண்டாவது இருக்கையில் ஒருவன்
வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு வருகிறான்.
நோட்டில் இது கிடையாது.
நகராட்சிக்குத் தெரிந்தால் ஆட்சேபம் வரும்.